மெதுவாய் வந்த பந்து: ஹோய்ட் வில்ஹெல்ம் வரலாறு

பரிசளிப்பு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தாருங்கள் என்று தலைமையாசிரியர் அவர்கள் கேட்டபோது, கடாரத்தைப் பற்றியோ மலாக்காவைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் அவர் எண்ணியிருப்பார். அவற்றை முந்தைய மலர்களில் மற்ற ஆசிரியர்கள் நன்றாகவே எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்திருப்பதோ நம் பள்ளித் திடலில் யாரும் ஆடாத ஓர் ஆட்டத்தைப் பற்றி. அதிலும், ஆட்டத்தைத் தொடங்கி வைக்காமல் பாதியில் உள்ளே வருகிற ஒருவரைப் பற்றி. பெற்றோர்கள் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

அடியேன் குறைநீக்கல் வகுப்பு எடுப்பவன். மற்ற ஆசிரியர்கள் முதல் நாள் முதல் மணியிலிருந்து ஒரு வகுப்பை நடத்துகிறார்கள். என்னிடம் வருகிற பிள்ளைகளோ, ஆட்டம் பாதி கைவிட்டுப் போன பிறகு வருகிறவர்கள். "சார், மூனாவது வந்துட்டான், இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியல, நீங்கதான் பார்க்கணும்" என்று கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுப் போவார்கள். அதனால்தானோ என்னவோ, பட்டணத்து நூலகத்தில் விளையாட்டுக் களஞ்சியம் ஒன்றைப் புரட்டியபோது, அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹோய்ட் வில்ஹெல்ம் பற்றிய பக்கத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அட, இவர் நம்ம ஆளாச்சே என்று பட்டது. அதன்பின் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

முதலில் ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் மாணவிகள் ஆடுகிற ரவுண்டர்ஸ் ஆட்டத்துக்கு பேஸ்பால் அண்ணன் முறை. பக்கத்துக்கு ஒன்பது பேர். ஒருவர் பந்தை வீசுவார், எதிரணிக்காரர் மட்டையால் அடிப்பார், அடித்துவிட்டு மூன்று தளங்களைத் தொட்டு ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். கிரிக்கெட்டைப் போல் பந்து தரையில் குத்தி எழும்பாது. 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து நேராகக் காற்றிலேயே வரும். மட்டைக்காரருக்குப் பின்னால் பிடிப்பாளர் ஒருவர் கனத்த கையுறையோடு குந்தியிருப்பார். இப்படி ஒன்பது இன்னிங்ஸ்.

பழங்காலத்தில் ஆட்டத்தைத் தொடங்கிய வீச்சாளரே அதை முடித்தும் வைப்பார். சை யங் என்ற பெரும் வீரர் 1890 முதல் 1911 வரை ஆடினார். 815 ஆட்டங்களைத் தொடங்கினார், அவற்றுள் 749 ஆட்டங்களைத் தாமே முடித்தார். இடையில் ஒருவரைக் கூப்பிடுவது என்றால் தொடங்கியவர் தோற்றுப்போனார் என்று பொருள். கூப்பிடப்படுபவரும் பெரும்பாலும் வயதானவராகவோ, தொடக்க வீச்சாளராகத் தேறாதவராகவோ இருப்பார். 1920களில் வாஷிங்டன் அணியின் ஃபிர்ப்போ மார்பெர்ரி, 1940களில் யாங்கீஸ் அணியின் ஜோ பேஜ் போன்றவர்கள் இந்த வேலைக்குக் கொஞ்சம் மதிப்பைத் தேடித் தந்தார்கள். 1950-இல் பிலடெல்பியாவின் ஜிம் கான்ஸ்டான்ட்டி 74 ஆட்டங்களில் இப்படிப் பாதியில் வந்தே அந்த லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். இவர்களை 'ரிலீஃப் பிட்சர்' என்பார்கள். கைகொடுக்க வருபவர் என்று நாம் சொல்லலாம். ஆனாலும் அதை வாழ்நாள் தொழிலாக வைத்துக்கொண்டு ஒருவர் பெரும் புகழ் பெறலாம் என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

ஜேம்ஸ் ஹோய்ட் வில்ஹெல்ம் 1922 ஜூலை 26-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ஹன்டர்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் சொந்த நிலமில்லாத குத்தகைக் குடியானவர்கள். பதினொரு பிள்ளைகள். லயத்து வீட்டில் பெரிய குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பள்ளியில் பந்து வீசிய பையனுக்கு ஒரு குறை. வேகம் இல்லை. வேகமில்லாத வீச்சாளன் என்றால் காலில்லாத ஓட்டக்காரன் மாதிரிதான். அவன் அழுதுகொண்டிருக்கவில்லை, செய்தித்தாளில் வந்த ஒரு படத்தை உற்றுப் பார்த்தான். டச்சு லெனார்ட் என்ற வீரர் பந்தை எப்படிப் பிடிக்கிறார் என்பதைக் காட்டும் படம் அது. விரல்களை மடக்கி, நுனியால் மட்டும் பந்தைப் பற்றியிருந்தார். டென்னிஸ் பந்து ஒன்றை எடுத்துக்கொண்டு பையன் அதைப்போலவே வீசிப் பார்க்கத் தொடங்கினான். கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. ஒரு படமும் ஒரு டென்னிஸ் பந்தும்தான் ஆசான்.

இந்தப் பந்துக்குப் பெயர் 'நக்கிள்பால்'. இது எப்படி வேலை செய்கிறது என்பது அறிவியல் பாடத்துக்கே உரிய விஷயம். சாதாரணமாக வீசும் பந்து சுழன்றுகொண்டே போகும். சுழற்சிதான் அதன் பாதையை ஒழுங்காக வைத்திருக்கிறது. நக்கிள்பாலோ கிட்டத்தட்டச் சுழலாமல் போகும். பேஸ்பாலின் தோல் மேல் தைத்த சிவப்புத் தையல் மேடு வளைந்து வளைந்து ஓடும். பந்து சுழலாதபோது, ஒரு பக்கத்தில் தையலும் மறுபக்கத்தில் வழவழப்பான தோலும் காற்றைச் சந்திக்கும். இரு பக்கமும் காற்று ஒரே மாதிரி ஓடாது. பந்து மெல்ல அரை வட்டம் திரும்புவதற்குள் நிலைமை மாறிவிடும், தள்ளுகிற பக்கமும் மாறிவிடும். அதனால் பந்து தள்ளாடித் தள்ளாடி வரும். எந்தப் பக்கம் ஒடியும் என்று அடிப்பவருக்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால் வீசியவருக்கும் தெரியாது! மற்றவர்களின் வேகப்பந்து மணிக்கு 90 மைல் என்றால் இது 60, 70 மைலில் ஊர்ந்து வரும்.

(இதைப் படித்துவிட்டு நானும் மாலை விளையாட்டு நேரத்தில் டென்னிஸ் பந்தை நுனிவிரலால் வீசிப் பார்த்தேன். பத்துக்கு ஒன்பது சாதாரணமாகவே போனது. பத்தாவது பந்து பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக் கூரைக்கு ஏறிவிட்டது. அதை எடுத்துத் தந்த தோட்டக்காரர் ஐயாவுக்கு நன்றி.)

1942-இல் மூர்ஸ்வில் என்ற சிற்றூர் அணியில் வில்ஹெல்ம் தொழில்முறை ஆட்டக்காரராகச் சேர்ந்தார். அதே ஆண்டு யுத்தத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. 1944 டிசம்பரில் ஜெர்மானியர்கள் பெல்ஜியம், லக்சம்பர்க் காடுகளில் நடத்திய கடைசிப் பெருந்தாக்குதலை வரலாற்றில் 'பல்ஜ்' சண்டை என்பார்கள். அதில் அவர் காயமுற்றார். போரில் காயம்பட்டோருக்கு அமெரிக்க இராணுவம் வழங்கும் 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கம் அவருக்குக் கிடைத்தது. குண்டுச் சிதறல் ஒன்று முதுகிலேயே தங்கிவிட்டது. பின்னால் அவர் ஆடிய ஆட்டங்கள் அத்தனையையும் அந்த இரும்புத் துண்டை முதுகில் சுமந்துகொண்டேதான் ஆடினார்.

போர் முடிந்து திரும்பியவர் மறுபடியும் அதே மூர்ஸ்வில் அணியில் அடிப்படியிலிருந்து தொடங்கினார். 1946-லும் 1947-லும் ஆண்டுக்கு 20 வெற்றிகளுக்குக் குறையாமல் பெற்றார். மேலே கூப்பிடுவார்கள் என்று பார்த்தால் ஆண்டுகள்தாம் ஓடின. அடுத்த படி, அதற்கடுத்த படி என்று சிறு லீக்குகளிலேயே 1951 வரை கழிந்தது. நக்கிள்பால் போட்டுப் பிழைக்கிற வீச்சாளர்கள் பெரிய லீக்கிலும் இருந்தார்கள் என்பது உண்மையே. ஆனால் மேலாளர்களுக்கு அந்தப் பந்தின் மேல் நம்பிக்கை இல்லை. அதற்குத் தக்க காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1952-இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. வயது 29. மற்றவர்கள் பாதித் தூரம் ஓடி முடித்திருக்கும் வயது. மேலாளர் லியோ டுரோச்சர் அவரைத் தொடக்க வீச்சாளராக ஒருநாளும் வைக்கவில்லை, கைகொடுக்கும் வேலைக்கு மட்டுமே அனுப்பினார். ஏப்ரல் 23-இல், பாஸ்டன் பிரேவ்ஸ் அணிக்கு எதிராக, பெரிய லீக்கில் முதன்முறையாக மட்டை பிடித்து நின்ற வில்ஹெல்ம் வந்த பந்தை எல்லைக்கு வெளியே தூக்கி அடித்தார். ஹோம் ரன்! அதன் பிறகு இருபது ஆண்டு ஆடினார், மொத்தம் 432 முறை அடித்துப் பார்த்தார், இன்னொரு ஹோம் ரன் வரவேயில்லை. முதல் நாளே கிடைத்தது, அதோடு சரி.

அந்த ஆண்டு 71 ஆட்டங்களில் பாதியில் இறங்கி 15 வெற்றி, 3 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ஓட்டம் விட்டுக்கொடுத்தார் என்று ஒரு கணக்குப் போடுவார்கள்; எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அவருடையது 2.43. தேசிய லீக் முழுவதிலும் அதுதான் மிகக் குறைவு. ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்காத, முப்பதை நெருங்கிய புதுமுகம் தொடக்க வீச்சாளர்கள் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டார். 1954-இல் ஜயன்ட்ஸ் அணி உலகத் தொடரில் கிளீவ்லாந்தை நான்குக்குப் பூஜ்யம் என்று வென்றது. வில்ஹெல்ம் ஆடிய ஒரே உலகத் தொடர் அதுதான்.

இப்போது மேலாளர்களின் பயத்துக்கு வருவோம். கைகொடுக்க ஒருவரை எப்போது கூப்பிடுகிறார்கள்? எதிரணியின் ஓட்டக்காரர்கள் தளங்களில் நிற்கும்போது. மூன்றாம் தளத்தில் நிற்பவன் வீட்டுக்கு வர ஒரே ஓட்டம்தான் பாக்கி. இந்த வேளையில் வீசிய பந்தைத் தன் அணியின் பிடிப்பாளரே நழுவவிட்டால் அவன் சும்மாவே ஓடி வந்துவிடுவான். அடிப்பவனை ஏமாற்றுகிற அதே தள்ளாட்டம் பிடிப்பவனையும் ஏமாற்றும். இது வெறும் பேச்சல்ல. 1954 செப்டம்பர் 10-இல் வில்ஹெல்ம் வீசியபோது ரே கேட் என்ற பிடிப்பாளர் ஒரே இன்னிங்ஸில் நான்கு பந்துகளை நழுவவிட்டார். கேட் கெட்டிக்காரர் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிற்காலத்தில் வேறு நக்கிள்பால் வீச்சாளர்களுக்குப் பிடித்தவர்களுக்கும் அதே கதி நேர்ந்திருக்கிறது.

ஆகவே, எந்த அணிக்குப் போனாலும் அவரைப் பற்றி ஒரு பக்கம் மகிழ்ச்சி, ஒரு பக்கம் தலைவலி. 1957 தொடக்கத்தில் ஜயன்ட்ஸ் அவரை செயின்ட் லூயிஸ் அணிக்கு மாற்றிவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் செயின்ட் லூயிஸ் அவரை விட்டுவிட, கிளீவ்லாந்து எடுத்துக்கொண்டது. 1958 ஆகஸ்டில் கிளீவ்லாந்தும் விட்டுவிட்டது. பால்டிமோர் ஓரியோல்ஸ் எடுத்துக்கொண்டது. வயது 36. ஒன்றரை ஆண்டுக்குள் மூன்று பேர் வேண்டாம் என்று சொன்ன ஆள்.

பால்டிமோரில் பால் ரிச்சர்ட்ஸ் என்ற மேலாளர் இருந்தார். மற்றவர்கள் "இவன் பந்தைப் பிடிக்க முடியல" என்று கையை விரித்த இடத்தில் அவர் யோசித்தார். முதலில் வில்ஹெல்மைத் தொடக்க வீச்சாளராகவே வைத்துப் பார்த்தார். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1958 செப்டம்பர் 20. எதிரணி நியூயார்க் யாங்கீஸ். மிக்கி மேன்டில் முதலானோர் ஆடிய, அந்த ஆண்டு உலகத் தொடரையே வென்ற அணி. எதிரே வீசியவர் டான் லார்சன், இரண்டு ஆண்டுக்கு முன் உலகத் தொடரில் ஓர் ஆளைக்கூடத் தளமேறவிடாமல் ஆட்டத்தை முடித்தவர். அன்று வில்ஹெல்ம் ஒன்பது இன்னிங்ஸிலும் யாங்கீஸ் அணியினருக்கு முறையான ஓர் அடிகூடக் கொடுக்கவில்லை. பால்டிமோர் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றது. அந்த ஓர் ஓட்டம் எப்படி வந்தது தெரியுமா? ஆட்டம் முழுக்க அந்தத் தள்ளாடும் பந்துகளோடு மல்லுக்கட்டிய பிடிப்பாளர் கஸ் டிரையாண்டோஸ் அடித்த ஹோம் ரன். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். பாவம், பாடுபட்ட மனிதருக்கே அது கிடைத்தது.

மறு ஆண்டு, 1959-இல், அமெரிக்கன் லீக்கிலும் மிகக் குறைந்த சராசரி வில்ஹெல்முடையதே: 2.19. 1960-இல் ரிச்சர்ட்ஸ் பிடிப்பாளர்களுக்கென்று மிகப் பெரிய கையுறை ஒன்றைச் செய்வித்தார். கிட்டத்தட்ட முறம் மாதிரி இருக்கும் என்று படங்களைப் பார்த்தால் சொல்லத் தோன்றுகிறது. நழுவும் பந்துகள் குறைந்தன. மற்ற அணிகள் முணுமுணுத்தன. சில ஆண்டுகளில், கையுறையின் சுற்றளவு 38 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று விதி வந்துவிட்டது. இந்தக் கையுறைக் கதையை நான் ஆசிரியர் அறையில் சொன்னபோது, "பையனுக்குப் படிக்க வரலைன்னா பையனை மாத்தறதா, கையுறையை மாத்தறதா?" என்று மூத்த ஆசிரியை ஒருவர் கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. மறுநாள் என் வகுப்புக்குப் பெரிய எழுத்து அட்டைகளை வெட்டத் தொடங்கினேன்.

1963-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணிக்கு மாறினார். அங்கே மறுபடியும் கைகொடுக்கும் வேலை. நாற்பது வயதைத் தாண்டியவரின் சராசரியைப் பாருங்கள்: 1964-இல் 1.99, 1965-இல் 1.81, 1966-இல் 1.66, 1967-இல் 1.31, 1968-இல் 1.73. வேகப்பந்து வீசுபவர்களின் தோளும் முழங்கையும் முப்பத்தைந்துக்குள் தேய்ந்துவிடும். பள்ளியில் குறையாக இருந்த அந்த வேகமின்மையே இவர் கையைக் காப்பாற்றிக் கொடுத்தது. நக்கிள்பாலுக்கு முழுப் பலம் வேண்டியதில்லை. இன்று வீசிவிட்டு நாளையும் வீசலாம்.

1968 ஜூலையில், சை யங் வைத்திருந்த 906 ஆட்டங்கள் என்ற கணக்கை அவர் தாண்டினார். அதே சிகாகோ அணியில் வில்பர் வுட் என்ற இளைஞர் வேறிடத்தில் தேறாமல் வந்து சேர்ந்திருந்தார். வில்ஹெல்ம் அவருக்கு நக்கிள்பாலின் நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார். தனக்குச் சொல்லித்தர ஆளில்லாமல் செய்தித்தாள் படத்தைப் பார்த்துக் கற்றவர் அவர். வுட் 1968-இல் 88 ஆட்டங்களில் வீசினார். பிறகு தொடக்க வீச்சாளராக மாறி 1971 முதல் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து 20 வெற்றிகளுக்குக் குறையாமல் பெற்றார்.

1970 மே 10-இல், அட்லாண்டா பிரேவ்ஸ் அணியில் இருந்தபோது, வில்ஹெல்ம் தம் ஆயிரமாவது ஆட்டத்தில் வீசினார். பெரிய லீக் வரலாற்றில் எந்த வீச்சாளரும் அதற்குமுன் எட்டாத எண். கடைசியாக லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். அவருக்கு அது ஒன்பதாவது அணி. 1972 ஜூலை 21-இல் அந்த அணி அவரை விடுவித்தது. மொத்தம் 1,070 ஆட்டங்கள். அவற்றுள் அவர் தொடங்கியவை 52 மட்டுமே. 143 வெற்றிகள், அவற்றில் 124 கைகொடுக்க வந்து பெற்றவை. வாழ்நாள் சராசரி 2.52.

வயதைப் பற்றி ஒரு செய்தி. அவர் ஆடிய காலமெல்லாம் பிறந்த ஆண்டு 1923 என்றே புத்தகங்களில் இருந்தது. உண்மையில் 1922. ஆக, டாட்ஜர்ஸ் விடுவித்தபோது ஐம்பது வயதுக்கு இன்னும் ஐந்து நாள்தான் பாக்கி. ஊர் அறிந்ததோ நாற்பத்தொன்பதுக்கு. நம் தோட்டங்களில் அந்தக் காலத்துப் பெரியவர்களின் சூராட் பிரானாக்கைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாய் இராது. என் தாத்தாவுக்கே இரண்டு பிறந்தநாள்.

இத்தனையும் செய்தவருக்கு மரியாதை உடனே வந்ததா என்றால் இல்லை. கைகொடுப்பவரின் வேலையை எப்படி அளப்பது என்றே நெடுங்காலம் தெரியவில்லை. முன்னணியில் இருக்கும் அணியை அப்படியே காத்து முடித்துக் கொடுப்பதை 'சேவ்' என்று எண்ணும் முறையை சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மேன் வகுத்தார். அது அதிகாரபூர்வமான கணக்கானது 1969-இல்தான். அதற்குள் வில்ஹெல்மின் காலம் பெரும்பகுதி போய்விட்டது. அவர் காத்துக் கொடுத்த ஆட்டங்களைப் பின்னால் பழைய ஏடுகளைப் புரட்டித்தான் எண்ணினார்கள்.

பேஸ்பாலின் புகழ்மண்டபம் நியூயார்க் மாநிலத்து கூப்பர்ஸ்டவுனில் இருக்கிறது. பேஸ்பால் பத்திரிகையாளர்கள் வாக்களிப்பார்கள். நூற்றுக்கு எழுபத்தைந்து வேண்டும். 1978-இல் வில்ஹெல்மின் பெயர் முதன்முதல் வந்தது. தேறவில்லை. ஆண்டுதோறும் வந்தது, ஆண்டுதோறும் தேறவில்லை. 1984-இல் பதின்மூன்று வாக்குகளில் தவறியது. 1985-இல், எட்டாவது முறை, தேறினார். கைகொடுக்கும் வீச்சாளர் ஒருவர் அந்த மண்டபத்தில் நுழைந்தது அதுவே முதல் தடவை. அவருக்குப் பின் ரோலி ஃபிங்கர்ஸ், டெனிஸ் எக்கர்ஸ்லி என்று வரிசையாக வந்தார்கள். 1998-இல் 1,070 என்ற கணக்கைத் தாண்டியவரும் இந்த எக்கர்ஸ்லிதான். 2019-இல் பனாமா நாட்டு மீனவர் ஊரில் வளர்ந்த மரியானோ ரிவேரா, வாக்களித்த 425 பேரின் வாக்கும் ஒன்று தவறாமல் பெற்று உள்ளே போனார். அப்படி முழு வாக்கும் பெற்றவர் பேஸ்பாலில் அவருக்கு முன் எவருமில்லை. முதல்வருக்கு எட்டு முறை, ரிவேராவுக்கு ஒரே முறை. வழி போட்டவருக்கும் போட்ட வழியில் நடந்தவருக்கும் அவ்வளவு வித்தியாசம்.

ஓய்வு பெற்றபின் வில்ஹெல்ம் பல ஆண்டுகள் சிறு லீக்குகளில் இளம் வீச்சாளர்களைப் பயிற்றுவித்தார். 2002 ஆகஸ்ட் 23-இல் புளோரிடா மாநிலத்து சாரசோட்டாவில் காலமானார். வயது எண்பது.

யாங்கீஸ் அணி 1958-க்குப் பிறகு நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஒருநாளும் அடியே இல்லாமல் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் முடித்ததில்லை. வில்ஹெல்ம் மறைந்த மறு ஆண்டு, 2003 ஜூன் 11-இல், ஹூஸ்டன் அணி அதை மறுபடியும் செய்தது. அன்று ஒருவரால் முடியவில்லை. தொடங்கியவர் இரண்டாம் இன்னிங்ஸிலேயே வலியென்று வெளியேற, ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் கைகொடுக்க வந்து, ஆறு வீச்சாளர்களாகச் சேர்ந்து முடித்தார்கள்.